ஒப்புதல் அளித்தவர்: ஒளியாண்டு

நிலாவைப் பற்றி அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதுவும் கட்டின புருஷனிடம், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு காலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டது. அதற்காக யாரோ எவரோ எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்.

ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுக்கு வேலை. கன்னம் வீங்கி வருகிறவர்களை உட்கார வைப்பாள், ஊசி போட்டு வாய் கோணிப் போகிறவர்களுக்குத் துண்டு கொடுப்பாள். வீட்டுக்காரர் மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளர். ஆனால் அவரைக் கேட்டால் அதை அவர் தன் வேலையாகவே சொல்ல மாட்டார். 'ஏன் எப்படி மன்றம்' என்று இணையத்தில் ஓர் அறிவியல் மன்றம் இருந்தது. அங்கே அவர் மூத்தவர். அங்கே அவருக்கு 'ஒளியாண்டு' என்று பேர். மனுஷனுக்கு உயிரே அந்தப் பேரில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றத்து நண்பர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவள் தேநீர்த் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தாள். அதில் ஒருத்தர், 'நுண்ணோக்கி' என்று பேர் வைத்துக்கொண்டிருந்த ஒரு வங்கிக்காரர், அவளைப் பார்த்ததும் கைதட்டினார்.

"அட! நீங்கதானா அந்த நிலா அண்ணி? உங்களைப் பாக்கணும்னு எத்தனை நாள் ஆசை தெரியுமா!"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். தட்டிலிருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"எந்த நிலாங்க?" என்றாள்.

"டேய், விடுடா" என்றார் வீட்டுக்காரர், ஆனால் சிரித்துக்கொண்டே. நுண்ணோக்கி விடுகிற ஆளா? கைபேசியை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டார். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: 'இல்லத்தரசியின் இன்றைய ஐயம்'. அதற்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக, அவள் இத்தனை வருஷமாக வீட்டில் வாய் திறந்து கேட்டதெல்லாம். ஒவ்வொன்றுக்கும் கீழே வரிசை வரிசையாகப் பல்லைக் காட்டும் மஞ்சள் மூஞ்சிகள்.

அவள் கேட்டது என்ன தெரியுமா? "காலையில ஒன்பது மணிக்கு மேற்கால நிலா தெரியுதே, நேத்து சாயங்காலம் மாடியில துணி எடுக்கிறப்போ அதைக் காணோமே, எப்போங்க வந்தது?" இதுதான். அங்கே இருந்தது: 'நிலாவுக்கு டியூட்டி மறந்துபோய்ப் பகலில் வந்துவிட்டதா என்று என் இல்லத்தரசி கேட்கிறாள்.'

சொன்னதைச் சொல்லியிருந்தாலாவது போகட்டும். சொல்லாததை அல்லவா அவள் வாயில் போட்டு வைத்திருந்தார்! அதோடு, மாதச் சம்பளம் வாங்கி வீட்டு வாடகையில் பாதி கொடுக்கிறவளுக்கு 'இல்லத்தரசி' என்று பட்டாபிஷேகம் வேறு.

"சர்க்கரை போதுமா பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கீழ்த்தளத்தில் அவளுடைய நாத்தனார் அழகு நிலையம் வைத்திருந்தாள். அண்ணனுக்கு இளையவள், அண்ணிக்குக் கூட்டாளி. மறுநாள் சாயங்காலம் அண்ணியின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டாள்.

"இன்னிக்கே மேல வந்து நாலு வாங்கு வாங்கட்டுமா?"

"வாங்கினா? அதையும் எழுதுவாரு. 'இல்லத்தரசியின் இன்றைய கோபம்'னு."

"அதுவும் சரிதான்." தூரிகை நின்றது. "அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?"

"அந்தப் பக்கத்தை அவரு கையாலயே அழிக்கணும். அதுவும் யார் யார் சிரிச்சாங்களோ அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருக்கிறப்போ. நான் கேட்டதை நான் கேட்ட மாதிரியே எழுதி வைக்கணும். அது வரைக்கும் எனக்கு ஆறாது."

"வேற யாராவது அழிக்க முடியாதா?"

"முடியாதாம். பாத்துட்டேன். ஆரம்பிச்சவங்கதான் எடுக்க முடியும்."

நாத்தனார் கண்ணாடியில் அவளையே பார்த்தாள். ஈரத் தலையும் கறுப்புச் சாயமும் அந்த முகமுமாக, பார்க்கவே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. "அண்ணி, நீங்களும் உள்ள போங்க" என்றாள். "அவன் சிரிச்ச இடத்துலயே வச்சு அவனைப் பாத்து எல்லாரும் சிரிக்கட்டும்."

அங்கேயே, தலையில் பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்து பதிவு செய்தார்கள். புனைபெயர் கேட்டது. "கொசுவத்தின்னு போடு. சத்தமில்லாம எரியும்" என்றாள். 'ஏன் இங்கு வந்தீர்கள், நாலு வரியில் எழுதுங்கள்' என்று அடுத்த கட்டம். 'வீட்டில் கேட்டால் பதில் வருவதில்லை' என்று ஒரே வரியில் முடித்தாள். அப்புறம் விதிகள் வந்தன. புதியவர் பேருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலை இருக்கும். இலை உதிரும்வரை அவர் எழுதுவது எதுவும் நேராக மன்றத்துக்குப் போகாது. மூத்தவர் ஒருவர் 'வழித்துணை'யாக வருவார். அவர் படித்து, திருத்தச் சொல்லி, ஒப்புதல் கொடுத்தால்தான் ஏறும். ஏறின பதிவுக்கு அடியில் ஒப்புதல் அளித்தவர் பேரும் நிற்கும்.

சக்கரம் மாதிரி ஒன்று சுற்றியது. நின்றது. 'உங்கள் வழித்துணை: ஒளியாண்டு.'

நாத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "ஒளியாண்டாம்! கூப்பிட்டா வந்து சேர அவ்வளவு காலம் ஆகும், அதனால வச்சுக்கிட்டான் போல."

அவள் சிரிக்கவில்லை. "கடவுளே கொண்டுவந்து கையில குடுத்தா என்ன பண்றது?" என்றாள்.

முதல் கேள்வியாக நிலாவையே அனுப்பினாள். பேச்சுவழக்கை மட்டும் மாற்றி, கேட்டது கேட்டபடி. மறுநாள் மருத்துவமனையில், எதிரே ஒரு பெரியவர் கன்னத்தில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

'அன்புள்ள கொசுவத்தி, அருமையான கேள்வி! தினமும் பார்க்கும் ஒன்றைப் பார்த்து வியக்கும் கண் எல்லோருக்கும் வாய்க்காது. நிலா இரவுக்கு மட்டும் சொந்தம் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அது தினமும் சற்றுத் தாமதமாக உதிக்கிறது. நீங்கள் காலையில் பார்த்த நிலா, நீங்கள் தூங்கிய பிறகு நள்ளிரவை ஒட்டி உதித்திருக்கும். அதனால்தான் மாலையில் தெரியவில்லை...' இப்படியே இரண்டு பக்கம். கையால் வரைந்த படம் வேறு. கடைசியில், 'கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்பவர்களால்தான் இந்த மன்றம் வாழ்கிறது.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். இந்தக் குரலை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் இப்படித்தான் பேசுவார். பேருந்து நிறுத்தத்தில் நின்று மழை ஏன் சாய்வாக விழுகிறது என்று சொல்லியிருக்கிறார். அந்தக் குரல் தேய்ந்துபோய்விட்டது, வயசானால் எல்லாருக்கும் தேயும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தேயவில்லை. புத்தம் புதிதாக இருந்தது. அவளுக்கு மட்டும்தான் நிறுத்தியிருந்தார்.

அன்று சாயங்காலம், மனசு கேட்காமல், இன்னொரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாள். சமையலறையில் நின்றபடி அதே கேள்வியை மறுபடி கேட்டாள்.

"என்னங்க, அந்தப் பகல் நிலா, அது எப்போதான் வருது?"

கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "திரும்ப ஆரம்பிச்சிட்டியா? உனக்கு எதுக்கும்மா இதெல்லாம். தண்ணி கொண்டா."

காலையில் பார்த்தாள். 'இல்லத்தரசியின் இன்றைய ஐயம்: பகல் நிலா இன்னும் வீட்டுக்குப் போகவில்லையாம், விசாரிக்கிறாள்.' மஞ்சள் மூஞ்சிகள்.

அத்தோடு சரி. அதற்குப் பிறகு அவள் தயங்கவில்லை.

மன்றத்தில் 'வீட்டிலே ஓர் ஆய்வு' என்று ஒரு பகுதி இருந்தது. வீட்டில் கண்டதை அறிவியல் முறைப்படி எழுதலாம். அவள் எழுதினாள்: 'எங்கள் வீட்டில் வசிக்கும் ஒருவர் குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பால் எங்கே என்று கேட்டார். பால் அவர் முன்னாலேயே இருந்தது.'

வழித்துணை திருப்பி அனுப்பினார். 'நல்ல தொடக்கம்! ஆனால் ஆய்வுக்கு அளவு முக்கியம். எவ்வளவு நேரம் நின்றார்? பால் கண்ணிலிருந்து எவ்வளவு தூரம்? மீண்டும் நிகழ்கிறதா என்று பார்த்தீர்களா? முடிவுரையும் வேண்டும். கூச்சப்படாமல் எழுதுங்கள்.'

கூச்சப்படாமல் எழுதச் சொல்லிவிட்டாரே, அவள் ஏன் கூச்சப்படுகிறாள்? மறுநாள் காலை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அவரும் குளிர்பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். "பால் எங்கம்மா வச்ச?" என்றார். மூக்கு பால் உறையை இடிக்காத குறை. அவள் பதில் சொல்லாமல் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அளவுகளோடு அனுப்பினாள். முடிவுரை: 'இவ்வகை ஆண்களின் பார்வைக்குக் குறையில்லை. பிறர் எடுத்துக் கொடுக்கும் வரை பொருள்கள் இவர்களுக்குப் புலப்படுவதில்லை.' உடனே ஏறியது. அடியில் பளிச்சென்று, ஒப்புதல் அளித்தவர்: ஒளியாண்டு. அதோடு அவரே ஒரு கருத்தும் போட்டிருந்தார். 'சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இந்த அபூர்வப் பிறவி உங்கள் மாமனாரா?'

'வயதில் அவ்வளவு இல்லை. அலட்டலில் அதற்கும் மேலே' என்று பதில் போட்டாள்.

நம்ப மாட்டீர்கள், மன்றமே அதற்குக் காத்துக் கிடக்க ஆரம்பித்துவிட்டது. 'கொசுவத்தியின் வீட்டு ஆள் இன்று என்ன செய்தார்?' என்று காலையிலேயே கேட்பார்கள். நாத்தனாரும் தன் பங்குக்கு எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் வழித்துணை திருத்திக் கூர்மையாக்கித் தந்தார். 'இந்த இடத்தில் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே போடுங்கள், இன்னும் சுவையாக இருக்கும்' என்பார். போட்டாள்.

ஒரே ஒரு தடவைதான் பயந்தாள். குளியலறைக் குழாய் சொட்டியது. குழாய்க்காரரைக் கூப்பிடலாம் என்றாள். "இது வெறும் இயற்பியல்" என்று சொல்லி அவரே கழற்றினார். தண்ணீர் கூடம்வரை வந்தது. கட்டில் காலடியில் செருப்புகள் மிதந்தன. கால்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, "நீரழுத்தம் சரியில்லை" என்றார். ஒரு வாரம் ஆறப்போட்டு, அதை அப்படியே எழுதி அனுப்பினாள். ரொம்ப நேரம் ஒப்புதல் வரவில்லை. அப்புறம் தனிச்செய்தி வந்தது: 'ஒரு சந்தேகம்.'

அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்டது.

அடுத்த செய்தி வந்தது. 'சென்ற வாரம் எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. ஆனால் எங்கள் வீட்டில் உண்மையிலேயே நீரழுத்தம்தான் காரணம். அதையும் ஒரு சாத்தியமாகக் குறிப்பிட்டால் நடுநிலையாக இருக்கும்.'

குறிப்பிட்டாள். ஏறியது. அடியில் அவர் கருத்து: 'தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை இவரிடம் துளியும் இல்லை. இப்படிப்பட்ட ஒருவரோடு எப்படித்தான் வாழ்கிறீர்கள்? உங்கள் பொறுமைக்குத் தலைவணங்குகிறேன்.'

நாத்தனாரிடம் காட்டினாள். "அண்ணி, உங்களுக்கு நீங்களே சக்களத்தி ஆயிட்டீங்க. அவன் இங்க ஒருத்தியைத் திட்டிட்டு அங்க ஒருத்தியைத் தாங்குறான், ரெண்டும் நீங்கதான்" என்றாள். சிரித்தபடி ஆரம்பித்த பேச்சு கடைசியில் சிரிப்பாக முடியவில்லை. "இப்பவே சொல்லிடலாமே. குரல் நல்லாத்தானே இருக்கு. திருந்திடுவான்."

"இல்ல. இலை உதிரட்டும்."

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. இலை உதிரும் புதியவர் 'முதல் கட்டுரை' எழுதுவார். அதற்கு மட்டும் ஒப்புதல் தேவையில்லை. ஞாயிறு மாலை மன்றத்தின் நேரலையில் வழித்துணை அதைப் பிரித்து, முதல்முறையாக எல்லார் முன்னாலும் உரக்கப் படிப்பார். இனிமேல் உன்னை நம்புகிறோம் என்பதற்கு அது அடையாளம். வழித்துணைக்கும் அதில் பெருமை. அந்த ஞாயிறன்று வீட்டுக்காரர் நல்ல சட்டை போட்டு, தலை வாரி, கூடத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஒரு மணி நேரம் யாரும் சத்தம் போடக்கூடாது. என்னோட மாணவி ஒருத்தங்களோட கட்டுரை" என்றார்.

"சரிங்க" என்று படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நாத்தனார் கட்டிலில் சம்மணம் போட்டுக் காத்திருந்தாள். கைபேசியில் நேரலை ஓடியது. திரையில் வீட்டுக்காரர், பக்கத்துக் கட்டங்களில் நுண்ணோக்கி முதல் அன்று கூடத்தில் சிரித்த அத்தனை பேரும், இன்னும் முகம் தெரியாத எத்தனையோ பேரும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தரம், கொஞ்சம் பிந்திக் கைபேசியிலிருந்து ஒரு தரம் என்று அவர் குரல் இரண்டிரண்டாகக் கேட்டது.

"நண்பர்களே, கொசுவத்தி என் கையில் வளர்ந்தவர் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுகிறேன்." தொண்டையைச் செருமினார். "தலைப்பு: ஒரே கேள்விக்கு ஒரே மனிதர் தரும் இரண்டு பதில்கள். ஆகா, தலைப்பே அபாரம்!"

படித்தார். "ஆய்வுப் பொருள்: எங்கள் வீட்டில் வசிக்கும் அதே நபர்." கட்டங்களில் சிரிப்பு. "செய்முறை: ஒரு கேள்வி அவரிடம் இரண்டு இடங்களில் கேட்கப்பட்டது. முதலில், முகம் தெரியாத அந்நியப் பெண்ணாக, எழுத்தில். இரண்டாவதாக, அவருடைய மனைவியாக, சமையலறையில். இரண்டும் ஒரே நாளுக்குள். கேள்வி: காலையில் தெரியும் நிலாவை முந்தின நாள் மாலையில் காணோமே, அது எப்போது வந்தது?"

இங்கே குரல் லேசாக இடறியது. ஆனாலும் படித்தார், பாவம், வண்டி இறக்கத்தில் போகிறபோது நிறுத்த முடியுமா.

"அந்நியப் பெண்ணுக்குக் கிடைத்த பதில்: அருமையான கேள்வி, தினமும் பார்க்கும் ஒன்றைப் பார்த்து வியக்கும் கண்..." நின்றுவிட்டார்.

"ஒளியாண்டு, சத்தம் வரலியே" என்றது ஒரு கட்டம்.

"மனைவிக்கு என்ன பதில்? படிங்க சார்!" என்றது இன்னொன்று.

நுண்ணோக்கியின் முகம் மட்டும் மெதுவாக மாறியது. "டேய்," என்றார், "இது நம்ம நிலா அண்ணி..."

படுக்கையறைக் கதவு திறந்தது. அவள் கூடத்துக்கு வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். எல்லாக் கட்டங்களிலும் அவள் தெரிந்தாள்.

"மிச்சத்தை நான் படிக்கிறேன்" என்றாள். "மனைவிக்குக் கிடைச்ச பதில்: 'உனக்கு எதுக்கும்மா இதெல்லாம், தண்ணி கொண்டா.' அதுக்கு அப்புறம் என்ன கிடைச்சதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். நீங்கதானே சிரிச்சீங்க."

கட்டங்களில் ஒன்றிரண்டு சட்டென்று அணைந்தன.

"முடிவுரை. கேள்வி ஒண்ணுதான். கேட்டவளும் ஒருத்திதான். பால் தேடினது, குழாய் கழட்டினது எல்லாம் யாருன்னு கேட்டுட்டு இருந்தீங்களே, இவருதான். ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒப்புதல் அளிச்சவர் பேரு இருக்கு, பாத்துக்கோங்க. 'இப்படிப்பட்ட ஒருவரோடு எப்படி வாழ்கிறீர்கள்'னு அவரே கேட்டிருந்தாரு. நானும் அதைத்தான் யோசிச்சிட்டு இருக்கேன்."

அவர் ஒலியை நிறுத்தக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"உள்ள போய்ப் பேசிக்கலாம்மா" என்றார், உதடு அசையாமல்.

"உள்ள பேசினதைத்தானே வெளிய போட்டீங்க? வெளியவே பேசுவோம். அந்தப் பக்கத்தைத் திறங்க. எல்லாரும் பாக்கிற மாதிரி திரையில போடுங்க. அழிங்க."

திறந்தார். அத்தனை வருஷத்துக் கேள்விகளும் வரிசையாக நின்றன. அம்புக்குறி 'நீக்கு' என்ற இடத்துக்குப் போனது. திரையின் ஒரு கட்டத்திலிருந்து யாரோ ஒரு பெண் மட்டும் கைதட்டினாள். அழிந்தது.

அவர் அப்புறம் நிமிரவேயில்லை. "இப்போ நீயும் உன்னுதை எடுத்துடுவியா?" என்று கேட்டார். அதற்கு முன்னால் அவர் யாரிடமும் அந்தக் குரலில் எதையும் கேட்டதில்லை.

"எதை?"

"அந்தப் பால், குழாய் எல்லாம். நீ ஆரம்பிச்சது, நீதான் எடுக்கணும்."

"எடுக்கிறேன். என்னுது எத்தனை வருஷம் கிடந்துச்சோ, அத்தனை வருஷம் கிடந்ததும்."

கதவோரம் நின்ற நாத்தனார், "அண்ணா, நீரழுத்தம் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். தங்கச்சி என்று ஒருத்தி இருந்தால் அந்தக் கேள்வி இல்லாமலா?

நேரலையை அணைக்க அவள் விடவில்லை. பாதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் நழுவியிருந்தார்கள். இருந்தவர்கள் இருக்கட்டும் என்று ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டாள்.

"புதுப் பக்கம் ஒண்ணு ஆரம்பிங்க. நான் கேட்டதெல்லாம் கேட்ட மாதிரி இருக்கணும். முதல்ல நிலா."

தட்டச்சு செய்தார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"'மாடியில துணி எடுக்கிறப்போ'ன்னு கேட்டேன். அதை விட்டுட்டீங்க."

"அது எதுக்கும்மா, கேள்விக்கு அது தேவை..."

"போடுங்க."

போட்டார்.

"அடுத்தது. ஊசி போட்டு மரத்துப்போன உதடு வீங்கின மாதிரியே தோணுது, கண்ணாடியில பாத்தா வீங்கலையே, ஏன்? கண்ணாடி பொய் சொல்லுதான்னு நான் கேக்கல. அது நீங்க சேத்தது."

அவர் விரல்கள் நின்றன. முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. தெரிந்த விஷயத்தை வாய்க்குள் வைத்திருக்க முடியாத அந்தப் பழைய பரபரப்பு. நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, "அது என்னன்னா, உதட்டுலேர்ந்து மூளைக்குப் போற தகவல் நின்னுபோயிடுதில்ல, அப்போ மூளை என்ன பண்ணும்னா..." என்று ஆரம்பித்தார்.

"நான் பதில் கேக்கல" என்றாள். "கேள்வியை எழுதுங்க."